கட்டையைக் காப்பாற்றிப் படகைக் கொன்ற கதை



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் தொலைபேசி எடுத்தீர்கள். "ரீச்சர், அது என்ன, நிலவின் மேற்பரப்போ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லையம்மா, அது என் மருமகனின் அலுமினியப் படகின் அடித்தகடு. அதில் தெரிகிற குழிகள் ஐந்து வருடத்தில் விழுந்தவை. ஒரு குழி மறுபக்கம் வரை போய்விட்டது.

வேறு சிலரும் எடுத்தார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி, "அக்கா, இது ஆம்பிளையள் பாக்கிற வேலை. நீங்கள் ஏன் இதுக்குள்ள தலையைப் போடுறியள்?" என்றார். பெறாமகன் ஒருவர், "மாமி, எல்லாரும் அந்தப் பலகையைத்தானே போடுறாங்கள், உங்கட மருமகன்ர படகு பழுதான படகாயிருக்கும்" என்றார். இன்னொருவர் மிகவும் அன்பாக, "வயசுபோன காலத்தில கோயில் குளம் எண்டு இருங்கோவன்" என்று முடித்தார்.

மூவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் பொறுத்த பிள்ளைகள் இன்னொரு பாடம் பொறுப்பீர்கள்.

முதலில் படகு வைத்திராதவர்களுக்காக. இந்த நாட்டில் ஏரிக்கரையில் வீடு உள்ளவர்கள் தவிர மற்றவர்களில் பலர் படகை வீட்டு முற்றத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் காருக்குப் பின்னால் இழுத்துப் போவதற்கு ஒரு ட்ரெய்லர் உண்டு. அந்த ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் இரண்டு பலகைகள் இருக்கும். பங்க் என்று சொல்லுவார்கள். நான் கட்டை என்றே சொல்லப்போகிறேன். படகின் அடிவயிறு முழுப் பாரத்தோடும் அந்த இரண்டு கட்டைகளில்தான் படுத்திருக்கிறது. கட்டையின் மேல் வழக்கமாக ஒரு கார்ப்பெற் சுற்றியிருக்கும். எங்கள் ஊரில் வள்ளத்தைக் கரைக்கு இழுத்தால் அது மணலில் கிடக்கும், அல்லது கீழே பனங்குற்றி போடுவார்கள். இது அதே பனங்குற்றிதான், சில்லு பூட்டிய பனங்குற்றி.

ஒரு சின்னக் கணக்கு. ஒன்ராறியோவில் படகு ஓடுகிற காலம் வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை. அதற்குள்ளும் எங்கள் வீட்டுப் படகு தண்ணீரில் இறங்கியது ஒரு வருடத்தில் மிஞ்சி மிஞ்சிப் போனால் 25 நாள். மிச்சம் 340 நாளும் அது கட்டையில்தான் படுத்திருக்கிறது. மழை, வெயில், பனி எல்லாம் அந்தக் கட்டையோடு. ஐந்து வருடத்துக்கு 1,700 நாள். ஏரித் தண்ணீரைவிட அந்தக் கட்டைதான் படகோடு அதிகம் பழகியிருக்கிறது. ஆனால் மோட்டார் வாங்க மூன்று மாதம் ஆராய்ந்த மருமகன் கட்டை வாங்க எடுத்த நேரம் 10 நிமிடம்.

இனி நடந்தது. இந்த ஆவணியில் மருமகனும் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் நானும் சிம்கோ ஏரிக்குப் பேர்ச் மீன் பிடிக்கப் போனோம். மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. காலையில் நல்ல வெயில், காற்றில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துச் சின்னவன், "அம்மம்மா, என்ர சப்பாத்துக்குள்ள தண்ணி" என்றான். வாளித் தண்ணீரைச் சிந்திவிட்டான் என்று நினைத்து நான்தான் அவனைப் பேசினேன். பிறகு மகள் நிலப்பலகையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கீழே தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. மருமகன் ஒரு வார்த்தையும் பேசாமல் மோட்டாரைக் கரைப் பக்கம் திருப்பினார். நானும் மகளும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே வந்தோம். நால்வரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தோம். மருமகன் போடவில்லை, அவர் நல்ல நீச்சல்காரராம். கரைக்கு வந்து சேர்ந்தோம். காற்று எழும்பியிருந்தால், நாங்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிப் போயிருந்தால், என்று அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்து படகை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டையைக் கழற்றினோம். கார்ப்பெற் ஊறிப்போய்க் கறுத்திருந்தது. அதைப் பிரித்தபோது உள்ளே பலகை புத்தம் புதுசு மாதிரி இருந்தது! ஒரு மூலைகூட அழுகவில்லை. கறையான் இல்லை, பூஞ்சணம் இல்லை. மேலே பார்த்தால் கட்டை தொட்டுக்கொண்டிருந்த இடம் முழுக்க அலுமினியத்தில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கக் குழி குழியாக வந்தது.

பலகை பிழைத்துவிட்டது, படகு செத்துவிட்டது. இதைத்தான் நல்ல பலகை என்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும். 2020 வைகாசியில் மருமகன் அந்தப் பலகைகளை வாங்கி வந்து கராஜில் சாத்தி வைத்தார். பச்சை ஓடிய பலகை. அதன் நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டை குத்தியிருந்தது. எனக்கு எதைக் கண்டாலும் வாசிக்கிற பழக்கம். வாசித்தேன். மரத்துக்குள் செம்புச் சேர்மம் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. படகு அலுமினியம் என்பதும் எனக்குத் தெரியும். 34 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். செம்பையும் அலுமினியத்தையும் ஈரத்தில் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்!

"தம்பி, இதில செம்பு இருக்குதாம்" என்று தொடங்கினேன். மருமகனின் கூட்டாளிகள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். "ஓம் மாமி, அதுதான் உக்காது, இருபது வருஷம் நிக்கும்" என்றார் ஒருவர். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போய்விட்டேன். நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். மருமகன் வீடு. ஆம்பிளையள் வேலை. எனக்கு ஏன் வம்பு.

அந்தத் தேத்தண்ணீரின் விலை என்ன என்று ஆவணியில் வாளியால் தண்ணீர் அள்ளும்போது எனக்கு விளங்கியது. ஆகவே என்னைச் சும்மா இருக்கச் சொல்லும் உறவுகளே, நான் ஒருதரம் சும்மா இருந்து பார்த்துவிட்டேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கண்ணாடி முகவையில் நீல நிறச் செப்பு சல்பேற்றுக் கரைசல், அதற்குள் ஒரு இரும்பு ஆணி. அரை மணித்தியாலத்தில் ஆணி செம்பு நிறமாகிவிடும், கரைசலின் நீலம் குறையும். இரும்பு கரைந்து போக, செம்பு அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. மின்னிரசாயனத் தொடரில் இரும்பைவிட அலுமினியம் இன்னும் மேலே நிற்கிறது. நியம அழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ற்று, செம்புக்கு +0.34. வித்தியாசம் 2 வோல்ற்று. தாளில் பார்த்தால் ஒரு ரோச் பற்றரியைவிட அதிகம்.

"அப்படியென்றால் அலுமினியப் படகு தண்ணீரிலேயே கரைந்துபோக வேண்டுமே ரீச்சர்?" நல்ல கேள்வி. அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே மேலே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதுதான் அதன் கவசம். ஆனால் கவசத்துக்கும் எல்லை உண்டு. அமிலமோ காரமோ மிஞ்சினால் அது கரையும். காற்றுப் படாமல் ஈரத்தில் மூடிக் கிடந்தால், கீறுபட்ட இடத்தைத் திருப்பிப் போர்த்த அதற்கு ஒட்சிசன் போதாது. அந்த நேரம் பார்த்துச் செம்பு அயன் வந்தால் கதை முடிந்தது. செம்பு ஊசிமுனை அளவு பொட்டாக அலுமினியத்தின் மேல் படியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு சின்னக் கலம். பக்கத்தில் உள்ள அலுமினியம் கரைந்துகொண்டேயிருக்கும். தகடு முழுக்கச் சமமாகத் தேயாமல் குழி குழியாகப் போவது அதனால்தான். அந்தக் குழிதான் ஆபத்து. தடிப்பு 2 மில்லிமீற்றர்கூட இல்லாத தகட்டில் குழிக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இதில் கார்ப்பெற் என்ன செய்கிறது? "இடையில கார்ப்பெற் இருக்குதே, மரம் படகில முட்டாதே" என்று பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளே, ஆய்வுகூடத்தில் இரண்டு முகவைகளை இணைக்க உப்புக் கரைசலில் ஊறிய வடிதாளை வைத்தோமே, அது எதற்கு? அயன்கள் நடந்துபோகப் பாலம். ஈரக் கார்ப்பெற் அந்த வடிதாள்தான். மழைத் தண்ணீர் மரத்திலிருந்து செம்பைக் கழுவி எடுக்கிறது, கார்ப்பெற் அதைப் பிடித்து வைத்து அலுமினியத்துக்கு மெதுமெதுவாக ஊட்டுகிறது. பிரிப்பதற்காகப் போட்ட திரை சேர்த்து வைக்கிற பாலமாகிவிட்டது.

அடுத்த வாதம்: "முந்தியும் உந்தப் பச்சைப் பலகைதான், அப்ப ஒண்டும் நடக்கேல்லையே." இதிலும் அரை உண்மை உண்டு. முன்பு வந்த பலகையில் குரோமியம், செம்பு, ஆசனிக்கு மூன்றும் இருந்தன. குரோமியம் செம்பை மரத்துக்குள் ஓரளவு கட்டிப்போட்டது. ஆசனிக்கு நஞ்சு என்பதால் 2003 ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பாவனைக்கு அதைச் செய்வதைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஆசனிக்கு இல்லை, குரோமியமும் இல்லை, செம்பு முன்னையதைவிட அதிகம். மனிதருக்கு அது நல்ல மாற்றம், உலோகத்துக்குக் கெட்ட மாற்றம். சாதாரண ஆணிகளையே அது அரிப்பதால்தான் அந்தப் பலகைக்குக் கெட்டியாக நாகமுலாம் பூசிய ஆணி அல்லது ஸ்ரெயின்லெஸ் ஆணி பாவிக்கச் சொல்கிறார்கள். ஆணிக்கே அந்தக் கதி என்றால் அலுமினியத் தகட்டுக்கு என்ன கதி என்று ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை?

இடையில் ஒரு எச்சரிக்கை. 2004 க்கு முந்திய ட்ரெய்லர் வாங்கியவர்கள் பழைய கட்டையைக் கழற்றினால் அதை முற்றத்தில் போட்டு எரிக்கவேண்டாம். ஆசனிக்குப் புகையிலும் வரும், சாம்பலிலும் நிற்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படிப்பட்ட துண்டுகளை இறைச்சி வாட்டுகிற நெருப்புக்கென்று அடுக்கி வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். நல்ல வேளை, அன்று மழை.

இப்போது கடைகளில் செம்பை மிக நுண்ணிய துகளாக அரைத்து ஏற்றிய பலகையும் வருகிறது. அது உலோகத்தை அரிப்பது குறைவு என்பது உண்மை. அதைத் தான் போடுவேன் என்று நிற்பவர்கள் குறைந்தபட்சம் அந்த நுனி அட்டையை வாசியுங்கள். அலுமினியத்தோடு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று பலகை செய்தவர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். கடையில் நிற்கும் பொடியன் "ஓம், ஓகே" என்று சொன்னது எழுத்து ஆகாது.

பெறாமகன் சொன்ன "எல்லாரும் போடுறாங்கள்" என்பதற்கும் பதில் இருக்கிறது. போடுகிற எல்லாரிடமும் இருப்பது ஒரே படகா? பலருடையது பைபர் கிளாஸ். பைபர் கிளாசுக்குச் செம்பு ஒன்றும் செய்யாது. ஊரில் பல வருடம் பைபர் கிளாஸ் படகு வைத்திருந்த ஒரு அண்ணர்தான் மருமகனுக்கு இந்தப் பலகையைச் சிபாரிசு செய்தவர். அவர் பொய் சொல்லவில்லை, தன் அனுபவத்தைச் சொன்னார். ஆனால் அவருடைய அனுபவம் வேறு பொருளுக்கு உரியது. சீனி வருத்தக்காரரின் மருந்து நல்ல மருந்துதான், அதற்காக அதை அயலில் உள்ள எல்லாருக்கும் கொடுக்கலாமா?

எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. விழா மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்தக் கப்பலைக் கட்டியவர்கள் எந்த மரம், எந்த ஆணி, எது எதோடு சேரும் என்று தெரியாமலா கட்டினார்கள்? அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாங்கள் ஒரு பலகையின் நுனியில் உள்ள நாலு வரியை வாசிப்பதில்லை.

சரி, குறை சொன்னது போதும். எதைப் போடுவது? நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மேல்தளத்துக்குப் போடுகிற மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. அழுகாது, செம்பு இல்லை. ஆனால் அது பாரம் தாங்குகிற வளை அல்ல. வீட்டில் அதைப் போடும்போதே 16 அங்குலத்துக்கு ஒரு மரம் கீழே கொடுக்கிறார்கள். எங்கள் ட்ரெய்லரில் ஒரு தாங்கிக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று அடிக்கு மேல். கோடை வெயிலில் அது தொட்டில் மாதிரித் தொய்ந்துவிடும். பிறகு படகின் பாரம் முழுக்கத் தாங்கிக்கு மேலே உள்ள நாலு இடத்தில் ஏறும். முழுப் பிளாஸ்டிக் பலகைக்கும் இதே குறை, கீழே ஒரு சட்டம் கொடுத்தாலே ஒழிய.

வெண் ஓக் மரம் பலமானது, இலேசில் உக்காது. ஆனால் விலை, பாரம், அதோடு அந்த மரத்தில் அமிலத் தன்மை உண்டு. ஈரமான அமில மரத்தில் உலோகத்தை வருடக்கணக்காகப் படுக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. செங்கருங்காலி என்று ஒருவர் பெயர் மாற்றிச் சொன்ன சீடர் மரம் பாரமில்லாதது, உக்குவதும் மெதுவாகத்தான். ஆனால் மெதுமையானது. போல்ற் இறுக்க இறுக்க உள்ளே புதைகிறது, வளைவதும் அதிகம். சின்னக் கனூ வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

அலுமினியச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்ட கட்டையும் இருக்கிறது. நல்லது. காசு உள்ளவர்கள் போடுங்கள்.

மிஞ்சியது மருந்து ஏற்றாத சாதாரணக் கட்டட மரம். டக்ளஸ் பேர், அல்லது ஸ்புரூஸ். எந்தப் பலகைக் கடையிலும் இருக்கும். பாரம் தாங்கும், மலிவு, அலுமினியத்தை அரிக்கிற செம்பு அதில் இல்லை. ஒரே ஒரு குறை, அது உக்கும்.

இதைச் சொன்னவுடன் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "மாமி, உக்கிற மரத்தைக் காசு குடுத்து வாங்கச் சொல்லுறியளோ?"

ஓம், உக்கட்டும். அதுதான் என் கட்சி. இந்த நீண்ட பதிவில் ஒரே ஒரு விசயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

வீட்டில் பியூஸ் கம்பி எதற்கு? எரிவதற்கு. அது எரிந்தால்தான் வீடு எரியாது. அடிக்கடி எரிகிறதே என்று தடித்த கம்பியைப் போட்டு, "இப்ப பாருங்கோ, எரியவே எரியாது" என்று பெருமைப்பட்டவர்களை ஊரில் கண்டிருக்கிறோம். பிறகு வீட்டுக்குள் வயர் எரிந்ததையும் கண்டிருக்கிறோம். கடற்கப்பலின் இரும்பு உடலில் நாகக் கட்டிகளைப் பூட்டுவது எதற்கு? அவை கரைந்து கப்பலைக் காப்பாற்ற. இரண்டு பொருள் வருடக்கணக்காக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும்போது ஒன்று தோற்கத்தான் வேண்டும். விலை குறைந்ததும், கழற்றி மாற்றக்கூடியதும், தோற்றால் கண்ணுக்குத் தெரிவதும் எதுவோ, அது தோற்கட்டும். உக்கிய கட்டை தன் நோயைத் தானே சொல்லும். மணக்கும், கறுக்கும், ஸ்குரூட்றைவரால் குத்தினால் உள்ளே போகும். அரிபட்ட அலுமினியம் கார்ப்பெற்றுக்குள் ஒளிந்திருந்து, நடு ஏரியில் 6 வயதுப் பிள்ளையின் சப்பாத்தில்தான் தன்னைச் சொன்னது.

கடையில் நாங்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "இது எவ்வளவு காலம் நிற்கும்?" கேட்டிருக்கவேண்டிய கேள்வி, "இது தன் மேல் படுத்திருப்பதை என்ன செய்யும்?"

காசுக் கணக்கும் சொல்கிறேன். மருந்துப் பலகையில் 2020 இல் நாங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்தது, இன்னொரு தரம் கட்டை மாற்றுகிற செலவு, ஏறக்குறைய 70 டொலர். இந்த வருடம் அடித்தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்து ஒட்ட வெல்டிங்காரர் வாங்கியது 1,450 டொலர். ஒட்டின இடம் ஒட்டின இடம்தான்.

புதுக் கட்டையை எப்படிப் போட்டோம் என்று செய்ய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் இரண்டுக்கு ஆறு என்று சொல்லும் பலகை. உண்மை அளவு ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம். அகலமான பக்கம் மேலே. கணு இல்லாததாக, நீளவாக்கில் கண் வைத்துப் பார்த்து வளைவில்லாததாகப் பொறுக்கினோம். அதற்கு மட்டும் அரை மணித்தியாலம் எடுத்தது. எடுக்கட்டும். மேல் விளிம்புகளைச் சீவி உருட்டினோம்.

நீளத்தில் கவனம். பழைய கட்டை எட்டடிப் பலகை கிடைத்ததென்று எட்டடியாகவே போட்டது. அது படகின் பின்சுவருக்கு நாலு அங்குலம் முன்னாலேயே முடிந்துவிட்டது. மோட்டாரின் பாரம் முழுக்கத் தொங்குவது அந்தப் பின்சுவரில். கட்டை அதற்கு முன் முடிந்தால் கட்டையின் நுனியில் தகடு மடங்கி வளையத் தொடங்கும். பிறகு படகு நேராக ஓடாது. இந்த முறை கட்டை பின்சுவரைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டி நிற்கிறது.

கார்ப்பெற் போடவில்லை. பலகைக்கு மேலே ஒரு தடித்த பிளாஸ்டிக் பட்டி, அதைப் பிடிக்க ஸ்ரெயின்லெஸ் திருகாணி. ஆணித் தலை பட்டியின் மேற்பரப்புக்குக் கீழே நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றையும் நானே சரி பார்த்தேன். தாங்கியோடு பிணைக்கக் கீழேயிருந்து நாகமுலாம் பூசிய போல்ற். பலகையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது, ஈரம் காய. கார்ப்பெற்தான் வேண்டும் என்பவர்கள் இறப்பர் முதுகு இல்லாத, தண்ணீர் வடியக்கூடியதை வாங்குங்கள். அதை அடிப்பக்கத்தில் ஸ்ரெயின்லெஸ் ஸ்டேப்பிளால் பிடியுங்கள், கீழ்முகத்தை முழுக்க மூடிக் கட்டாதீர்கள்.

பிளாஸ்டிக் பட்டியில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. அது வழுக்கும். கார்ப்பெற்றில் பழகியவர்கள் இறங்குதளத்தின் உச்சியிலேயே முன்பக்கத்து வின்ச் வாரைக் கழற்றுவார்கள். இதில் அப்படிக் கழற்றினால் படகு சீமெந்தில் போய் விழும். படகின் பின்பக்கம் தண்ணீரைத் தொடும்வரை வாரையும் பாதுகாப்புச் சங்கிலியையும் தொடவேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வாரைக் கழற்றும் அனுமதியை மூத்த பேத்தி என்னிடம் கேட்கவேண்டும் என்று சட்டம்.

ஆறு ஏழு வருடத்தில் இந்தக் கட்டை உக்கும். அப்போது நான் இருந்தால் நானே நின்று மாற்றுவிப்பேன். இல்லாவிட்டால் பேத்தி மாற்றுவாள். எதைக் குத்திப் பார்ப்பது, எங்கே குத்துவது என்று அவளுக்குக் காட்டியிருக்கிறேன்.

கடைசியாக, குறிப்பாக என்னிடம் படித்த பெண் பிள்ளைகளுக்கு. நீங்கள் எத்தனை பேர் விஞ்ஞானத்தில் விசேட சித்தி எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொடரை ஒப்புவித்தீர்கள், ஆணி செம்பானதைப் படம் கீறிப் பெயரிட்டீர்கள். இன்று உங்கள் வீட்டுக் கராஜில் ஆம்பிளையள் நின்று கதைக்கும்போது நீங்களும் தேத்தண்ணீர் போடப் போகிறீர்களா? படித்தது பரீட்சைக்குத்தான் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால் அது என் பிழை. போகாதீர்கள். நின்று சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்று நான் இரண்டாம் தரமும் சொல்லியிருந்தால் மருமகன் கேட்டிருப்பார். அவர் நல்ல பிள்ளை. அன்று கேட்காதது அவருடைய குற்றமல்ல. நான் ஒரு தரத்தோடு நிறுத்தியது என் குற்றம்.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை ஒன்று தருகிறேன். அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் வருகிற சனிக்கிழமை அதை அரை அடி தூக்கிக் கட்டையின் கார்ப்பெற்றைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அதையும் அனுப்புங்கள், சந்தோசப்படுவேன்.

படகைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். இரண்டு பக்கமும் கட்டை அண்டை கொடுங்கள். அதற்கு மட்டும் அந்தப் பச்சைப் பலகை நல்லது.

அன்புடன்,
உங்கள் விஞ்ஞான ரீச்சர்